ஏற்காட்டில் ஒரு மானிட்டர் பேரம்

என்னிடம் இருக்கும் முப்பது வயதுக் கணினிக்கு, பின்பக்கம் புடைத்த அந்தக் காலத்து மானிட்டர்தான் பொருந்தும். ஒரு வருடமாகத் தேடுகிறேன்.

இன்று ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் கண்டுபிடித்தேன். ஓடிக்கொண்டிருந்தது. மேலே நான்கு தீப்பெட்டி, ஒரு ஜோடி சாக்ஸ்.

"இதைக் குடுங்கக்கா, புதுசு வாங்கித் தர்றேன்" என்றேன்.

லாட்ஜ்கார அக்கா கேட்ட ஒரே கேள்வி: "அது சூடாவுமுங்களா?"

"ஆகாதுக்கா. அதுதான் முன்னேற்றம்."

"இந்தப் பனியில சாக்ஸை எங்க காயப் போடறது கண்ணு? முன்னேத்தத்து மேலயா?"

என் கணினியின் படத்தைக் காட்டியாவது மனதைக் கரைக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா படத்தைப் பார்க்கவில்லை. அடியில் கை வைத்துப் பார்த்தார்.

"இது நொம்ப நல்லா சுடுதுங்க. இதை வச்சிட்டு அதை எடுத்துக்குங்க."

லேப்டாப் கம்பெனியுடையது. தொலைந்துவிட்டது என்றால் மேனேஜர் நம்புவாரா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.