கிருஷ்ணப்பனின் கை

கிருஷ்ணப்பனின் முகத்தைவிட அவன் கைதான் எனக்கு அதிகப் பழக்கம். திருவொற்றியூரில் நாங்கள் வேலை செய்யும் இரும்பு யார்டில் நான் கிரேன் ஓட்டுகிறேன், அவன் கீழே நின்று சிக்னல் கொடுப்பான். உயரத்தில் தண்டவாளம் போட்டு அதன்மேல் ஓடுகிற கிரேன் அது. அதில் தொங்கும் கூண்டில் நான் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாரும் வெறும் மஞ்சள் தொப்பிகள். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, உள்ளங்கையைக் காட்டினால் நில். அந்தக் கை சொல்லாமல் நான் லிவரைத் தொடமாட்டேன். முதலாளியே வந்து கத்தினாலும் கத்திவிட்டுப் போகட்டும்.

அவன் வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க்காரன். வாய் ஓயாது. என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, என் தூத்துக்குடிப் பேச்சை என் எதிரிலேயே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பான். சிக்னல் இடத்தில் நின்றுவிட்டால் மட்டும் ஊமை. மகள் மகிழினி பி.காம். முடித்து வேலைக்குப் போகிறாள். அவள் கல்யாணப் பேச்சுதான் அவன் பேச்சில் பாதி.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், லோடு அந்தரத்தில் நிற்கும்போது அவன் வலது கை விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கச் சொல்கிறானா, இறக்கச் சொல்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை. இடது கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது. லோடை இறக்கிவிட்டு நானும் இறங்கி வந்தேன்.

"என்ன வே, கை ஆடுது?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நரம்புல இன்னாமோ இஸ்துகினு கீது. முன்னாடியும் வந்துச்சி, தானா பூடும்."

"நீ ஆட்டுதியா, அதா ஆடுதா?"

அவன் சிரிக்கவில்லை. "அதா ஆடுது. புட்சாலும் நிக்க மாட்டேங்குது. வேற யாரோ கைய நம்ம தோள்ல மாட்டுன மாறி கீது."

அந்தக் கையை நம்பித்தானே நான் டன் கணக்கில் இரும்பை ஆட்கள் நடுவில் தூக்குகிறேன். மறுநாளே லீவு போட வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகப் பேசினார். மூளையில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறதாம். மீட்டர் பெட்டியில் பொறி பறப்பது போல அங்கே அவ்வப்போது கரன்ட் தறிகெட்டுப் பாய்கிறது, கை அதனால் ஆடுகிறது, இதுவும் வலிப்புதான் என்றார். வலிப்பு என்றதும் கிருஷ்ணப்பன் கதவைத் திரும்பிப் பார்த்தான், வெளியே யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.

"கீழ விழுந்து நுரை தள்ளுனாத்தான் வலிப்புன்னு இல்லைங்க. கை மட்டும் இழுக்கலாம், சிலர் நினைவில்லாம நடப்பாங்க. மாத்திரை போட்டா பெரும்பாலும் அடங்கிடும், ஆனா ஒரு வேளைகூட விடக் கூடாது. மிஷின் பக்கமும் உயரத்துலயும் இப்போதைக்கு வேலை வேண்டாம். பெருசா வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் திணிக்காதீங்க, கையில இரும்பு குடுக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா உடனே ஆம்புலன்ஸ்."

"இரும்பு குடுத்தா நிக்குமே டாக்டர்?" என்றேன். எங்கள் ஊரில் சாவிக்கொத்தைக் கையில் வைத்து நானே பார்த்திருக்கிறேன்.

"அது தானா நிக்கிறது. அந்த நேரத்துல இரும்பு கையில இருக்கறதால பேர் அதுக்குப் போயிடுது."

வெளியே வந்ததும் அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "மகி கல்யாணம் முடியங்காட்டியும் யாராண்டயும் சொல்லாத அண்ணாச்சி. வலிப்பு குடும்பம்னு பேர் வெச்சிட்டானுங்கன்னா எவன் கட்டிக்குவான் அத்த?"

"சொல்லல. ஆனா நீ சிக்னல் குடுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டான். தோள் வலி என்று சூப்பர்வைசர் ஜெபசிங்கிடம் சொல்லிவிட்டு பெயின்ட் அடிக்கிற பக்கம் போனான். வேம்பு என்ற ஆள் சிக்னலுக்கு வந்தான். மாத்திரையில் கை அடங்கியது. எனக்குத்தான் அடங்கவில்லை. கூண்டில் உட்கார்ந்தால் கண் தானாக பெயின்ட் ஷெட் பக்கமே போகும்.

போன திங்கட்கிழமை காலையில் அவன் மனைவி பட்டம்மாள் போன் செய்தாள். "அண்ணே, நேத்து மகிய பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்க. ராவு வரிக்கும் பேசிகினே இருந்தாங்க. அவுங்க எதுர மாத்திரய எடுக்கக் கூச்சப்பட்டுகினு அப்டியே பட்த்துட்டாரு. காலைலயும் போடாம ஓடிட்டாரு. கொஞ்சம் பாத்துக்கோண்ணே."

அன்று பார்த்து வேம்புவை அத்திப்பட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே டிரெய்லர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கூண்டிலிருந்து பார்க்கிறேன், ஜெபசிங் கிருஷ்ணப்பனைக் கையைப் பிடித்துச் சிக்னல் இடத்துக்கு அழைத்து வருகிறார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"சார், அவன் வேண்டாம். வேற ஆள அனுப்புங்க."

"உங்க சண்டைய வெளிய வெச்சுக்கங்க அண்ணாச்சி. தோள் வலின்னு எத்தன நாள் ஓட்டுவான்?"

காரணத்தைச் சொல்ல வாய் வரை வந்தது. கீழே கிருஷ்ணப்பன் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போனை வைத்தேன். அவன் விரலை நீட்டிச் சுழற்றினான். கை நிதானமாகத்தான் இருந்தது. இந்த ஒரு லோடு, இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத் தூக்கினேன்.

டிரெய்லர் உள்ளே வந்து நின்றது. இரும்புத் தகடுகள் அதை விட்டு எழும்பி, திறந்த இடத்துக்கு நகர்ந்து வந்தன. நில் என்றான், நிறுத்தினேன். அடுத்த சைகை வரவில்லை. உள்ளங்கையை மடக்காமல் அப்படியே நின்றான், பிறகு கடைக்குப் போகிறவன் போல நிதானமாக நடந்தான். சிக்னல் கொடுக்கிறவன் ஒருநாளும் செய்யாத காரியம், நேராக லோடின் அடியில் நடந்து போய், விறைத்து விழுந்தான்.

நான் சைரனை அழுத்தினேன். விலகுங்கள் என்பதற்காக அழுத்தினேன். உதவிக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஷெட்டில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். இரும்பு யார்டில் இரும்புக்கா பஞ்சம்? ஒருவன் ஸ்பேனர், ஒருவன் சங்கிலித் துண்டு, ஒருவன் பூட்டு. அத்தனை மஞ்சள் தொப்பியும் என் லோடின் கீழே போய்க் குனிந்தன. ஜெபசிங்கும் அங்கேதான், கிருஷ்ணப்பன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தன்கூட மேலே பார்க்கவில்லை.

லோடு தொங்கும்போது கூண்டை விட்டு இறங்கக் கூடாது. பிரேக் நல்ல பிரேக்தான், ஆனால் ஆள் தலைக்கு மேல் எந்தப் பிரேக்கை நம்புவது? நகர்த்தினால் லோடு ஊஞ்சலாடும். நகர்த்தாவிட்டால் அங்கேயே நிற்கும். உள்ளங்கை வியர்த்து லிவர் வழுக்கியது. யார் கையும் சொல்லாமல், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, லிவரைத் தள்ளினேன். தகடுகள் மெதுவாக அசைந்தன. ஒவ்வொரு தொப்பியாக அவற்றின் நிழலிலிருந்து வெளியே வந்தது. சுவரோரம் காலி மணலில் இறக்கிவிட்டு ஏணியில் இறங்கினேன்.

நான் போவதற்குள் வலிப்பு நின்றிருந்தது. "இரும்பு குடுத்தோம், டக்குனு நின்னுச்சி பாத்தியா அண்ணாச்சி" என்றான் ஒருவன், பெருமையாக.

"தலைக்கு மேல என்ன தொங்குச்சின்னு பாத்தீங்களாலே?" என்று கத்தினேன். அப்போதுதான் எல்லாரும் அண்ணாந்து காலிக் கொக்கியையும், பிறகு சுவரோரம் கிடந்த தகடுகளையும் பார்த்தார்கள். ஜெபசிங் முகம் வெளுத்துவிட்டது.

ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்தேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து நுரையைத் துடைத்தேன். முதலில் என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அவன் கண் மேலே கிரேன் கொக்கியைத் தேடியது.

"அண்ணாச்சி... லோடு எங்க?"

"எறக்கிட்டேன்."

"யாரு சிக்னல் குட்த்தது?"

"யாரும் குடுக்கல."

எழுந்து உட்காரப் பார்த்தான். நாக்குக் குழறினாலும் கோபம் குழறவில்லை. "சிக்னல் இல்லாம எப்டி எறக்குன? ஆளுங்க நிக்கிறாங்கோ, கண்ணு தெர்ல உனக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் வெட்கமில்லாமல் அழுதேன். பின்னால் யாரோ, "வலிப்புக்காரனா இவன்?" என்று மெல்லக் கேட்டது எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஜெபசிங் பக்கம் திரும்பினான்.

"ஆமா சார், வலிப்புதான். மாத்திர துன்றேன், நேத்து வுட்டுட்டேன். வேம்புவ திருப்பிக் கூப்டுங்க. அவன் வர்ற வரிக்கும் அண்ணாச்சிய கிரேன் மேல ஏத்தாதீங்க, கை நடுங்கினு கீது பாருங்க அவருக்கு."