கிணறு இறைத்த நாளின் அலை

நெடுந்தீவுக் காற்றில் சுரிதார்ச் சோல் தோளில் நிற்காது. குத்திக்கொள்ளலாம் என்றால் சேஃப்டி பின்னுக்கும் தடை... காந்தமானிக்குக் கிட்டப் போகும்போது துண்டு இரும்புகூட உடம்பில் இருக்கக்கூடாது. கதவுத் திறப்பு, குடை, கைமணிக்கூடு எல்லாவற்றையும் முருகைக்கல் மதிலுக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு கையால் சோலைப் பிடித்தபடி உள்ளே போவேன்.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு கிடைத்த வேலை அது. பூமியின் காந்தப்புலம் நாள் முழுக்க எப்படி அசைகிறது என்று பதிகிற கருவியை நிலத்துக்குள் புதைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஒருத்தி நான், சரவணை ஊர். மற்றவள் ஜெசிந்தா, ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்கிற குடும்பம், எனக்கு ஒரு வருடம் ஜூனியர். குறிகட்டுவானில் படகேறி முறைவைத்துப் போவோம்.

வெளிநாட்டு மேற்படிப்புக்கு ஒருவரைத்தான் சிபாரிசு செய்ய முடியும் என்று எங்கள் பேராசிரியர் சேர் முதலிலேயே சொல்லிவிட்டார்.
அன்றிலிருந்து அவளுடைய சிரிப்புக்கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

மதிலுக்கு அந்தப்பக்கம் ஓர் ஒழுங்கை. பிளாஸ்ரிக் கான்களைக் கட்டிக்கொண்டு சனம் அதால்தான் நன்னீர்க் கிணற்றுக்குச் சைக்கிளில் போகும். இரும்புதானே, ஒவ்வொரு சைக்கிளும் பதிவில் ஒரு கீறல் விழுத்தும். அதனால் முறைக்கு நிற்பவர், சைக்கிள் போன நேரத்தைக் கொப்பியில் எழுதவேண்டும்.

ஒருநாள் ஜெசிந்தா என்னுடைய முறைநாள் பதிவைக் கணினியில் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டாள். முற்பகலில் இரண்டு மணித்தியாலம் கோடு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி... பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

“இஞ்சை பாருங்கோ அக்கா. சூரியக் காத்தாலை வந்த அலை போல கிடக்கு.”

“உது சைக்கிள்.”

“சைக்கிள் எண்டால் டக்கெண்டு ஏறி இறங்குமெல்லோ? இது ஆறுதலா அசையுது.”

அது எனக்கும் தெரியும். சூரியனிலிருந்து ஓயாமல் வீசுகிற காற்று, சில நேரம் அடர்ந்தும் ஐதாகியும் வரும். பூமியைச் சுற்றியிருக்கும் காந்தக் கவசத்தை அது அமுக்கி அமுக்கி விட, அந்த அசைவு நிலத்துக் கருவிவரை மெதுவான அலையாக வந்து சேரும். இப்படி ஒன்று அகப்படாதா என்றுதான் நானும் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். என்னுடைய நாளில் வந்தது. அவளுடைய கண்ணில் பட்டது.

சொன்னால் என்ன... அன்று நான் ஒழுங்கையைப் பார்க்கவே இல்லை. வெயில் தாங்காமல் இறங்குதுறைக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொப்பி என்னுடைய பையில்தான் இருந்தது, பக்கம் வெறுமையாக.

அவள் வீட்டுக்குப் போனதும் பேனையை எடுத்தேன். கோடு உச்சிக்கு வந்த நேரத்துக்கெல்லாம் ஒரு சைக்கிள் எழுதினேன். பன்னிரண்டு சைக்கிள்!

சேர் கொப்பியைப் பார்த்தார். “ஓம், சைக்கிள்தான்” என்று அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டார். ஜெசிந்தா அந்தத் திகதியை மட்டும் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த கிழமை பற்றரி மாற்ற இரண்டு பேருமாகப் போனோம். கானோடு வந்த ஓர் அக்காவை ஜெசிந்தா மறித்து, அந்தத் திகதியைச் சொல்லி, எத்தனை பேர் தண்ணீருக்கு வந்தார்கள் என்று கேட்டாள்.

“அண்டைக்கோ? சேறு அள்ளக் கிணறு வத்த இறைச்ச நாளெல்லோ பிள்ளை. ஆர் தண்ணிக்கு வாறது?”

திரும்பும் படகில், கடலைப் பார்த்தபடி ஜெசிந்தா சொன்னாள்.

“கொப்பியை நீங்களே திருத்திக் குடுங்கோ அக்கா. நான் சேரிட்டை ஒண்டும் கதைக்கமாட்டன்.”

திகதி மாறி எழுதிவிட்டேன் என்று சேரிடம் பொய் சொல்லித் திருத்தினேன். சூரியன் பக்கமாகப் பூமிக்கு முன்னால் வெகுதூரத்தில் நிற்கிற செயற்கைக்கோளின் பதிவை எடுத்து அவள் பொருத்திக் காட்டினாள். எங்கள் அலைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக, அங்கே சூரியக் காற்று அதே பத்து நிமிடக் கணக்கில் அடர்ந்து ஐதாகியிருந்தது. மேற்படிப்பு இடம் அவளுக்குக் கிடைத்தது.

அன்றைக்கு அந்தச் செயற்கைக்கோள் பதிவை எடுக்க எத்தனை பேரைக் கேட்கவேண்டியிருந்தது! இன்றைக்குப் போனிலேயே வருகிறது. ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு, பின்னேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். கோடு அசைந்தால் முதலில் அவள் ஞாபகம்தான் வரும். இந்நேரம் எந்தக் குளிர்நாட்டில் இருந்து பார்க்கிறாளோ...

போன மாதம் அவளுடைய கட்டுரை ஒன்று இணையத்தில் அகப்பட்டது. எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று, மறைப்பானேன், வரி வரியாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என்னுடைய பெயர். நெடுந்தீவுப் பதிவைச் சரிபார்த்துத் தந்தவராம்.

அவளுக்கு இடம் கிடைத்த எரிச்சலோடு இத்தனை வருடம் இருந்து பழகிவிட்டேன். இந்த ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால், அவளுடைய பெயரை எங்கேயும் எழுதியிருக்கமாட்டேன்.