ஒரே ஒரு முறை வந்த அலை

திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே வளைந்தால், அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதலில் மணி பார்ப்பார். மதியம் பன்னிரண்டரை என்றால் சந்தேகம் முழுக்க அடுத்த அறை மைக்ரோவேவ் அடுப்பின் மேல்தான். சாப்பாடு சூடாகும்வரை பொறுக்காமல் எவராவது அடுப்பின் கதவைத் திறந்திருப்பார்கள். அந்தக் கள்ள அலையும் வானத்து அலை போலவே வேடம் கட்டும்.

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அவருக்கு இதே வேலை: வந்தது நிஜமா, குப்பையா என்று பிரிப்பது. நிஜம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கை முஷ்டியைக் காட்டுவார். "இத்தனூண்டு நட்சத்திரம், ஒரு ஊருக்குள்ள அடங்கிடும். காந்தம் மட்டும் பேய்த்தனமா இருக்கும். அந்த இறுக்கம் தாங்காம மேலோடு விரிசல் விடறப்போ ஒரு கத்து கத்தும்னு நினைக்கிறோம். கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும்."

ஒரு முறை மட்டும் வந்த அலையை அவர் லேசில் நம்பமாட்டார். "இன்னொரு வாட்டி வரட்டும், பாக்கலாம்" என்று ஒதுக்கிவிடுவார். அலுவலகத்தில் 'இன்னொருவாட்டி அக்கா' என்றே பெயர்.

சென்ற வருடம் ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்த கணவர் இடது தோளைத் தேய்த்தபடி, "இங்க சுருக்குன்னுச்சு" என்றார். அக்காவுக்குக் கிளம்பும் அவசரம், கூடவே பழக்கதோஷம். "இன்னொரு வாட்டி வந்தா டாக்டர்கிட்ட போலாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். இன்னொரு வாட்டி வந்தபோது வீட்டில் கணவர் தனியாக இருந்தார்.

இப்போது அந்தப் பட்டப்பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன்னை மன்னிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. எதையும் குப்பையில் தள்ளவும் கை வரவில்லை. ஒற்றை அலைகள் நானூறுக்கு மேல் கணினியில் சேர்ந்துவிட்டன, அடுப்பு அலைகள் உட்பட.

நேற்று பிரிவுத் தலைவர் வந்து எதிரே உட்கார்ந்தார். "அக்கா, உங்க மனசு புரியுது. ஆனா இடமே இல்ல. இன்னிக்கு அழிச்சுடுங்க."

"சரி சார்."

முதல் அலையைத் திறந்தார். விரல் பொத்தான்வரை போய்ப் போய்த் திரும்பியது. தலைவர் பொறுமையாகக் காத்திருந்தார். நடுவில் இடது கையை ஒரு முறை உதறி, முழங்கைக்கு மேலே பிடித்துவிட்டுக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா. தூங்கினது சரியில்ல."

அக்கா எழுந்தார். தலைவர் மேசைமேல் வைத்திருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டார். மறு கையால் அவர் முழங்கையைப் பற்றி எழுப்பி, வாசலைப் பார்த்து நடத்தினார்.