பின்னோக்கி ஒரு பவானா

ஓர் அடி வைத்து, பின்காலைக் கொண்டுவந்து சேர்த்து, ஒரு கணம் நின்று, அடுத்த அடி. விடிகாலையில் இத்தாலியின் பதுவை நகரத்து வளைவுத் தாழ்வாரங்களுக்கு அடியில் நீவெஸ் போர்திஞ்ஞோன் என்ற அம்மாள் தன் பத்திரிகைக் கடைக்கு இப்படித்தான் வருகிறார். பின்னால் சைக்கிளில் வரும் மாணவர்கள் மணியடித்து ஓய்ந்துபோய், சுற்றிக்கொண்டு போகிறார்கள். "போங்க ராசா, போங்க! பேப்பர் எங்கிட்டதான இருக்கு, எனக்கு முன்னாடி போயி என்னத்தப் படிப்பீங்க?"

அந்த நடை பவானா. பழைய அரசவைகளில் பிரபுக்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து, ஊர்வலம்போல் நடந்து ஆடிய ஆட்டம். பெயரே, உள்ளூர்ப் பேச்சில் 'பாவா' என்று வழங்கும் பதுவையிலிருந்துதான் வந்தது என்பது ஊரின் கட்சி. இல்லை, 'பவோனே' என்ற மயிலிலிருந்து வந்தது என்று சொல்பவர்களுக்கு நீவெஸ் கடையில் மீதிச் சில்லறை கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கும்.

கடையில் துணிக் கிளிப்புகளில் தொங்குபவை பெரும்பாலும் விண்வெளி நாவல்கள். எதையும் தான் படித்து முடிக்காமல் விற்பதில்லை. ஒன்றில், வேற்றுக் கிரகத்து அரசவையில் பவானா ஆடுகிறார்கள். நீவெஸ் கதையோடு ஒத்துப்போனார், ஆட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. "அங்க ஈர்ப்பு விசை கம்மின்னு எழுதியிருக்கான். தூக்குன காலு எப்பய்யா கீழ வரும்? எழுதுனவன் ஒரு தடவ ஆடிப் பாத்திருக்க வேணாமா?"

இசைக்கல்லூரிப் பையன்கள் கச்சேரி மேடைகளில் வாசிக்கப்படும் பவானாக்களைப் போட்டுக் காட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்பார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ராஜா வர்றப்ப வாசிக்கிறத, ராஜாவத் தூக்கிட்டுப் போறப்ப வாசிக்கிற மாதிரி இழுக்குறாங்களே!"

செவ்வாய்தோறும் மாலையில் தேவாலயத்துக் கூடத்தில் பவானா பயிற்சி. பிறகு, ஆரஞ்சு நிறக் கசப்பு மது ஒரு குவளை, சுடச்சுட இறைச்சி உருண்டை. ஜோடி, பூட்டுக் கடையை மூடிவிட்டு ஓய்வில் இருக்கும் ஜெலிந்தோ சோர்சாத்தோ. பல வருடங்களாக வேறொருவர் கையை நீவெஸ் பிடித்ததில்லை. ஆடும்போதெல்லாம் இருவரும் உதடு அசையாமல் ஊர்க்கதை பேசுவார்கள்.

இந்த வசந்தத்தில் ஜெலிந்தோவுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. முன்னால் நடக்க முடிகிறது. பின்னால் நடந்தால் சாய்ந்துவிடுகிறார். போன செவ்வாய் மேளக்காரர் மடியிலேயே போய் உட்கார்ந்தார். பவானாவில் கூடம் முடியும் இடத்தில் ஆண் பின்னோக்கி நடந்து, பெண்ணைச் சுற்றித் திருப்பியாக வேண்டும்.

இவர்கள் ஆடவேண்டிய ஊர்விழா வரும் ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பயிற்சியில் ஆட்ட ஆசிரியர் துல்லியோ தொண்டையைச் செருமினார். "நீவெஸ் அம்மா, உங்களுக்கு வேற ஜோடி போட்டுருக்கேன். சட்டம் படிக்கிற பையன். நல்ல உயரம்."

"உயரத்த வெச்சு நான் என்ன, ஒட்டடையா அடிக்கப் போறேன்?"

"அவரு சொல்றதுதான் சரி தாயே," என்றார் ஜெலிந்தோ, தொப்பியைக் கையில் சுழற்றியபடி. "என்னைய விட்டுரு. நான் கதவுகிட்ட நிக்கிறேன்."

"பூட்டுக்காரன் கதவுகிட்ட நிக்கிறத யாருய்யா காசு குடுத்துப் பாப்பா? நீ முன்னாடி நட. நான் பின்னாடி நடக்குறேன்."

துல்லியோ கையை உதறினார். "பொம்பளை பின்னாடி நடந்தா, பாவாடை வால தானே மிதிச்சு விழுவா. அதனாலதான் அந்தக் காலத்துலயே அத ஆம்பளை தலையில கட்டுனாங்க."

நீவெஸ் உடுத்தியிருந்த பாவாடை கரும்பச்சை வெல்வெட். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தானே தைத்தது. அந்த வால் தரையில் இரண்டு முழம் புரளும். ஊரில் அதற்கு நிகர் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

உடைப்பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயையோ, வேணாம்மா! கண்ணு நோகத் தைச்சதும்மா அது!" ஜெலிந்தோ பாதி எழுந்துவிட்டார்.

"சும்மா உக்காருய்யா, கை கோணிடும்."

வெல்வெட் அறுபடும் சத்தம் கூடத்தின் கடைசிவரை கேட்டது. மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். வெட்டிய வாலை நீவெஸ் நாற்காலியில் போட்டார். குட்டையாகிப்போன பாவாடையின் கீழே கடைக்குப் போடும் தடித்த காலணிகள் தெரிந்தன. ஜெலிந்தோவுக்கு நேர் எதிரே வந்து நின்று கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டதும், தோளுக்குப் பின்னால் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், முதல் அடியைப் பின்னால் வைத்தார்.