நடு ஹாலில் ஒரு கதவு

வீட்டு டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றியது என் தப்புதான். அன்றிலிருந்து தெரிந்தவர் யாராவது ஒரு செங்கல்லை நகர்த்தினால்கூட எனக்கு போன் வந்துவிடுகிறது. நானும் சும்மா இருப்பவனா? உடனே கிளம்பிவிடுவேன்.

போன வாரம் கூப்பிட்டவர் பசுமலை ஜேக்கப் அண்ணன். மிஷன் ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி ரோஸி மதினிக்கு இரண்டு வருஷமாக மறதி நோய். அண்ணன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் மதினி தெருவுக்குப் போய்விடுகிறார். ஒருமுறை பைபாஸ் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறார்.

"ஹாலுக்குக் குறுக்க அரைச்சுவர் ஒண்ணு வைக்கணும் தம்பி. அவ அந்தப் பக்கம் இருக்கணும். ஆனா அடைச்சு வச்ச மாதிரியும் இருக்கக் கூடாது. அடுப்படில நின்னா அவ எனக்குத் தெரியணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதானே? டேப் பிடித்து அளந்தேன். சுவரை வரைந்து, உயரம் நாலடி என்று கொடுத்தேன். நடுவில் ஒரு கதவை இழுத்து வைத்தேன். அங்கேதான் வம்பு. அந்த சாஃப்ட்வேருக்குத் தெரிந்த கதவு ஏழடி! சுவர் என் மார்பளவோடு நின்றுவிட, கதவு மட்டும் மூன்றடி மேலே துருத்திக்கொண்டு... சுற்றிலும் வெட்டவெளி. திரையில், நடு ஹாலில் தனியாக ஒரு கதவு. மத்தியான வெயில் ஜன்னலில் அடிக்கிறது, ஃபேன் ஓடுகிறது – ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது.

கதவின் உயரத்தைக் குறைக்கப் போனேன். தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். மதினி! எப்போது வந்து நின்றார்?

நான் வைத்த கதவை விட்டுத் தள்ளி, வெறும் சுவர் இருந்த இடத்தில் திரை மேல் விரலை வைத்தார்.

"கதவு இங்கனல்ல இருக்கு. ஏன் அங்க வச்சிருக்கீங்க?"

"மாத்திருவோம் மதினி" என்று சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இங்க முழுச்சுவரு இருந்துச்சு தம்பி. அவ காட்டுற எடத்துலதான் கதவு. மக கல்யாணத்துக்கு ஹால் பெருசா வேணும்னு நான்தான் இடிச்சேன்."

அதற்குள் மதினி நடக்க ஆரம்பித்திருந்தார். தரை முழுக்கக் காலி. நேராகவே போகலாம். போகவில்லை. ஜன்னல் ஓரமாகச் சுற்றி வந்தார். பழைய கதவு இருந்த இடம் வந்ததும், வாசற்படியைத் தாண்டுவது போல வலது காலைத் தூக்கி வைத்தார். உள்ளே போனார். திரும்பினார். கையை உயர்த்தித் தாழ்ப்பாள் போட்டார்.

சத்தம் எதுவும் கேட்கவில்லைதான். ஆனால் கேட்கும் என்று காத்திருந்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

"ரோஸி, காபி குடிக்க வா" என்றார் அண்ணன். மதினியின் கண்கள் எங்கள் பக்கம்தான் இருந்தன. ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கிற பார்வை அது.

நாலு எட்டு வைத்தால் அண்ணன் அவரைத் தொட்டிருக்கலாம். வைக்கவில்லை. அந்த இடம் வரை போய் நின்றார். விரலை மடக்கி, காற்றில் இரண்டு முறை தட்டினார்.

"யாரு?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் கேட்கிறார்.

"நான்தான் ரோஸி..."

"எங்க வீட்டு சார் ஸ்கூலுக்குப் போயிருக்காக. சாயங்காலமா வாங்க."

இந்த மாதிரி ஆட்களை உள்ளே வைக்க நாம் சுவர் தேடி அலைகிறோம். அவர்கள் என்றைக்கோ உள்ளே போய்விட்டார்கள். வெளியே நிற்பது நாம்தான். லேப்டாப்பில் நான் வைத்த கதவைப் பார்த்தேன்.

அண்ணன் திரும்பி வந்தார்.

"கதவ அவ சொன்ன எடத்துலயே வச்சிருங்க தம்பி. அங்கன கதவு இருந்துச்சுன்னா அவ எங்கயும் போக மாட்டா."

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

"ஸ்கூல் விட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றபடி சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் – இல்லாத சுவருக்கு இந்தப் பக்கம்.