கட்டையோடு வந்த பிள்ளை

அந்தச் சத்தத்தை முதலில் மாட்டுச் சத்தம் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்துக் கல்படியில் எதுவோ இடித்தது, இழுபட்டது, மறுபடி இடித்தது. எங்கள் பக்கத்தில், அடுத்தவர் வெள்ளாமையில் புகுந்து மேயும் மாட்டின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். மாடு ஓட நினைத்தால் கட்டை முன்னங்காலில் இடிக்கும். தொண்டுக்கட்டை என்று பெயர். அப்படி ஒரு மாடு படியேறுகிறது என்று நினைத்து, விரட்டுவதற்குப் பிரம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

படியில் நின்றது என் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எட்டு வயது. வலது கணுக்காலில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அப்படி ஒரு கட்டை. நாலு விளைநிலம் தாண்டி அதை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னைக்கு உக்காந்துக்குவனுங்க, வாத்தியாரம்மா" என்றாள்.

பிரம்பை நான் கீழே போட்டேனா, யார் கையிலாவது கொடுத்தேனா என்பது இன்றுவரை நினைவில்லை. அவள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவே ஓர் ஊரில், இரண்டே வாத்தியார்கள் உள்ள பள்ளிக்கூடம். மேல் வகுப்புகள் பெரிய வாத்தியாருக்கு, ஒன்றும் இரண்டும் எனக்கு. எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். சேலத்தில் பயிற்சி முடித்து வந்த எனக்குப் பெருமை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அந்தப் பெருமை எதனால் வந்தது என்றும் எனக்குத் தெரியும். உட்கார்ந்ததால் வந்தது. கூடப் படித்தவர்கள் எழுந்து விளையாடப் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். உட்காராத பிள்ளைக்குப் படிப்பு வராது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இவள் உட்காரவில்லை. சிலேட்டை எடுத்து எழுது என்றால் சிலேட்டை எடுப்பாள், எழுதச் சொன்னது மறந்துபோகும். பலப்பம் தினம் ஒன்று தொலையும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நான் கேட்கும் கேள்விக்கு, கேட்டு முடிப்பதற்குள் இவள் பதில் சொல்லியிருப்பாள், அதுவும் பாதி நேரம் தப்பாக. "மரம்" என்று எழுதச் சொன்னால் "மர" வரைக்கும் இருக்கும். பிள்ளை சன்னலுக்கு வெளியே இருக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் மந்தம் என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடச் சுவரோரம் புழுதியில் குழியானைப் பூச்சிகளின் குழிகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஒரு எறும்பைப் போடுவாள், மண் சரிவதைப் பார்ப்பாள், அடுத்த எறும்பு. சோறு உண்ண மறந்து, மணி அடித்தது கேட்காமல், நான் இரண்டு தரம் கூப்பிட்டது கேட்காமல் அசையாமல் இருந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவளால் உட்கார முடியும், எனக்காகத்தான் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

பெரிய வாத்தியார், அந்த மாசக் கடைசிக்குள் அவள் அடங்காவிட்டால் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நானும் சரி என்றேன். மறுநாள் அவளை விட வந்த அவள் அப்பாவிடம், மற்றவர்கள் கேட்கத்தான் சொன்னேன்: "ஒரு இடத்துல உக்காரப் பழக்கி அனுப்புங்க. இல்லாட்டி அனுப்பவே வேண்டாம்."

அவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரிங்க வாத்தியாரம்மா" என்று போனார். அதற்கு மூன்றாம் நாள்தான் கட்டை வந்தது.

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கயிற்றுக்கு அடியில் ஒரு கந்தைத்துணியைச் சுற்றியிருந்தார்கள். வழியில் துணி விலகி, கயிறு தோலைத் தின்றிருந்தது. பெரிய வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா இருக்குது? நான் படிக்கையில எங்க வாத்தியாருகிட்ட மூணு கட்டை கெடந்துச்சு. ஒண்ணு எனக்குன்னே வெச்சிருந்தாரு." அவருக்குச் சிரிப்பு வந்தது. "நீ கேட்டதத்தான அவங்க செஞ்சிருக்கறாங்க."

வகுப்பில் ஒரு பிள்ளையும் ஆச்சரியப்படவில்லை. அதிர்ந்து நின்றவள் நான் ஒருத்திதான். அதற்கு உத்தரவு கொடுத்தவளும் நான்தான்.

கட்டையைக் கதவுக்குப் பின்னால் போட்டேன். புண்ணைக் கழுவி, என் முந்தானையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். இனி இது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நான் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் மரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அவள் கதவுக்குப் பின்னாலிருந்து கட்டையை இழுத்து வந்திருந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டுத்துணிக்கு மேலேயே கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளாகவே.

"ஏங்கண்ணு, நான்தான் வேண்டாம்னு சொன்னனே?"

"கட்டாட்டி எந்திரிச்சிருவனுங்க."

"எந்திரிக்காம இரேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் திமிர் துளியும் இல்லை. புரியாத கணக்கைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "நான் எந்திரிக்கறதில்லீங்க. எந்திரிச்ச பொறவுதான் எனக்கே தெரியுதுங்க" என்றாள்.

கட்டையைக் கண்டதும் வந்த அதிர்ச்சி ஒன்று. இது வேறு. நான் இத்தனை நாளும் முரட்டுப்பிள்ளை என்று அடித்த இந்தப் பெண், என்னைவிட அதிகமாக உட்காரப் பாடுபட்டிருக்கிறாள். புண்ணின் மேல் கயிறு கட்டும் அளவுக்கு. பயிற்சிப் பள்ளியில் நாங்கள் எழுதிக்கொண்ட நோட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு சொற்கள்தான் இருந்தன. அடங்காதது, மந்தமானது. இவள் இரண்டும் இல்லை. மூன்றாவதற்குச் சொல் என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவின் காட்டுக்குப் போனேன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாடுகள் வடக்கயிற்றை இழுத்துச் சரிவில் இறங்கும். தண்ணீர்ச் சால் மேலே வந்து கொட்டும். மாடுகள் பின்வாங்கி மறுபடி ஏறும். அவர் மாட்டோடு இறங்கி, மாட்டோடு ஏறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு மாட்டை நிறுத்தி, சாக்கு விரித்து உட்காரச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். அவர் எதிரே குந்தினார். பக்கத்தில் நின்ற மகளின் காலைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். நாலு வார்த்தை கேட்பதற்குள் எழுந்துபோய் வாய்க்கால் மடையைத் திருப்பினார். வந்து குந்தினார். மறுபடி எழுந்து காக்கையை விரட்டினார். கிணற்றுமேட்டில் பாதி முறுக்கிய கயிறு ஒன்று கிடந்தது, வேலியில் இன்னொன்று, தென்னை மரத்தடியில் மூன்றாவது. மோர் கொண்டுவந்த அவர் மனைவி என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"எங்கூட்டுக்காரரு சோறு உங்கறதுக்குள்ள நாலு தரம் எந்திரிப்பாருங்க சாமி. மவ அஞ்சு தரம். எனக்கு இவங்களுக்குப் பரிமாறியே இடுப்பு போச்சுங்க."

"சும்மா இரு புள்ள" என்றார் அவர், எழுந்து நின்றுகொண்டே.

அப்போதுதான் அவர் கணுக்காலைப் பார்த்தேன். எலும்பைச் சுற்றி வளையம் போல ஒரு வெளுத்த தழும்பு. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"எனக்கும் கட்டுனாங்க. நான் கட்டையோடவே நவுந்து வெளிய போயிருவனுங்க. ஒருநா கட்டையத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு ஊட்டுக்கே வந்துட்டேன். அதோட பள்ளிக்கோடம் முடிஞ்சுதுங்க. கையெழுத்துப் போடப் பழகறதுக்கு முந்தியே."

"தெரிஞ்சிருந்துமா இவளுக்குக் கட்டுனீங்க?"

அவர் கோபப்படவில்லை. "உக்கார வெச்சு அனுப்பு, இல்லாட்டி அனுப்பாதன்னீங்க. இவ படிக்கோணும்ங்க. உக்கார வெக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதானுங்களே. எனக்குக் கட்டுனவரு வெறுங்கயித்துல கட்டுனாரு. நான் துணியச் சுத்தித்தான் கட்டுனனுங்க."

மோர்ச் சொம்பு என் கையில் அப்படியே இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

பேச்சு முடிந்ததாக நினைத்து அவர் மாட்டை ஓட்டப் போனார். மகள் நொண்டிக்கொண்டே அவர் பின்னால் ஓடினாள். மாடு சரிவில் இறங்க, அப்பாவும் மகளும் இறங்கினார்கள். சால் கொட்டியது. "ஏழொண்ணு ஏழு" என்றாள். ஏறினார்கள், இறங்கினார்கள். "ஏழு ரெண்டு பதினாலு." அவருக்கு வாய்ப்பாடு தெரியாது. மகள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஐந்தில் தடுமாறினாள், இரண்டு சால் சும்மா போனது, பிறகு பிடித்துக்கொண்டாள். ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் போனாள். என் வகுப்பில் அவள் ஏழாம் வாய்ப்பாட்டில் மூன்றைத் தாண்டியதே இல்லை.

நான் சாக்கின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவளை நிற்கவிட்டேன். சுவரோரம் நின்றே எழுதினாள். இரண்டு வரி வாசித்தால் முற்றத்து வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வரலாம் என்றேன். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டாவது காணாமல் போகிறது என்று கண்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னேன். பானைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையை அவளுக்கே கொடுத்தேன். எல்லாம் நேராகிவிடவில்லை. சில நாள் மரத்தைத் தொடப் போனவள் மரத்திலேயே ஏறியிருப்பாள். பலப்பம் தொலைந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் பொறுமை போய் அவள் தலையில் குட்டினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரிய வாத்தியார் இரண்டு வாரம் பார்த்தார். "இதென்ன பள்ளிக்கோடமா செக்கா, சுத்திச் சுத்தி வர்றதுக்கு? மாசக் கடைசி வந்துருச்சும்மா" என்றார்.

"ஏழாம் வாய்ப்பாடு கேளுங்க. சொல்லலைன்னா நானே அடிக்கறேன் பேரை" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவர் நாற்காலியை முற்றத்தில் போட்டு, மடியில் பதிவேட்டையும் கையில் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் வேப்பமரத்துக்கும் கல்படிக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள். ஒரு நடைக்கு ஒரு வரி. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஏழைந்து முப்பத்தைந்து. ஏழாறு நாற்பத்திரண்டு. ஏழேழு நாற்பத்தொன்பது என்று சொல்லித் திரும்பியபோது, பாதையில் ஒரு மாட்டுவண்டி கடகடவென்று போனது. அவள் நின்றாள். நான் வேண்டிக்கொள்வதற்குள் ஓடிவிட்டாள்.

முற்றத்தில் யாரும் இல்லை. புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது. பெரிய வாத்தியார் என்னைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினார். அவள் பேர் இருந்த வரியில் விரல் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஏழெட்டு அம்பத்தாறுங்க."

பாதையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. எங்களைப் பார்க்கவே இல்லை. மரத்தைத் தொட்டாள், திரும்பினாள். அறுபத்து மூன்று. எழுபது. முடிந்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றாள்.

பெரிய வாத்தியார் வண்டி போன பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "வண்டியில என்ன இருந்துச்சு?" என்றார்.

"புண்ணாக்குங்க. ஒரு மூட்டை அவுந்து வழி பூரா சிந்திட்டே போவுதுங்க. வண்டிக்காரரு தூங்கறாருங்க. எழுப்பியுட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "அடுத்த மாசமும் பாக்கலாம்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது, "செக்குதான் இது" என்றார், ஆனால் மெதுவாக.

அன்று சாயங்காலம் மறுபடி அந்தக் காட்டுக்குப் போனேன். கவலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் மாட்டை நிறுத்தப் போனார். நிறுத்த வேண்டாம் என்றேன்.

"மவ பேரு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார், நடந்துகொண்டே.

சாக்கு அதே இடத்தில் விரித்துக் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவரோடு சரிவில் இறங்கினேன்.

"இருக்குதுங்க" என்றேன். பிறகு நடந்ததையெல்லாம், மாடு ஏற ஏற, இறங்க இறங்க, அவர் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னேன்.