அப்பாவின் கல்வெட்டில் விடுபட்ட ஒருத்தி

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறிய புத்தகம் கொடுப்போம். போனவரின் வாழ்க்கை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் கல்வெட்டை எழுதியவன் நான்தான். ஒரு பிழைகூட இல்லை என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் கேட்டால் தெரியாது. பழையது மட்டும் அங்கங்கே தெளிவாக வரும். அதுவும் போவதற்குள் அவருடைய கதையைப் பதிந்து கனடாவில் இருக்கும் தங்கச்சிமாருக்கு அனுப்ப நினைத்தேன். போன மாதம் ஒரு பின்னேரம் கைபேசியை மேசையில் வைத்து, பக்கத்தில் கல்வெட்டையும் வைத்துக்கொண்டேன். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் காலமெல்லாம் கிளாக்கராக இருந்தவனுக்குக் கையில் கடதாசி இல்லாமல் கேள்வி வராது.

"அம்மா, உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" சும்மா தொடங்கி வைக்கத்தான் கேட்டேன்.

"நாலு."

"மூண்டம்மா. நானும் தங்கச்சிமார் ரெண்டு பேரும்." சிரித்துக்கொண்டே கல்வெட்டைத் திறந்து காட்டினேன்.

அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அதில இல்லை. உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தவள். கொப்பரின்ர வேலைக்காக சீனன்குடா குவாட்டசில இருக்கேக்க பிறந்தவள். முப்பத்தொண்டு கழிய முந்தியே செத்துப்போனாள்."

அறுபது வயதில் எனக்கொரு அக்கா! பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள்தான் துடக்கு என்கிற தீட்டைக் கழித்துப் பெயர் வைப்பார்கள். அதுவரை அவள் இருக்கவில்லை. அப்பாவும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

"ஏனம்மா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீ கொப்பரின்ர கல்வெட்டு எழுதேக்க தேத்தண்ணியோட வந்து நிண்டனான். அச்சுக்காரன் காத்துக்கொண்டிருக்கிறான், பிறகு கதைப்பமெண்டு சொன்னாய்."

சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

அம்மா தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். "கொப்பர் பேர் வைக்கேல்லை. நான் வைச்சனான். பால் குடுக்கேக்க காதுக்குள்ள சொல்லிக் கூப்பிடுவன். என்ர சத்தத்துக்குக் கண் முழிப்பாள்."

"என்ன பேரம்மா?"

அம்மா வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"வருகுதில்லையடா."

"ஆறுதலா யோசியுங்கோ."

"ஏலாது. அண்டைக்குத் தெரியும். தேத்தண்ணியோட வந்த அண்டைக்குத் தெரியும்."

அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் அம்மா. கைபேசி தன்பாட்டில் பதிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பதிவைத் தங்கச்சிமாருக்கு இன்னும் அனுப்பவில்லை.

நேற்றுக் காலை நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்றார். பேப்பரை எறிந்துவிட்டு எழுந்தேன்.

"சொல்லுங்கோ அம்மா."

"என்னத்தை?" என்றார் அம்மா. "ஆறப்போகுது, குடி."